ஈர வேம்பில் கடைந்த ஸ்டூல்

வேப்பம்பட்டு ஸ்டேஷனில் இறங்கி கஜபதி வீடு எது என்று கேட்டால் நாலு பேர் முழிப்பார்கள். தையல்காரக் கஸ்தூரி வீடு என்று கேளுங்கள், வாசல் வரைக்கும் கூட்டிக்கொண்டு வந்து விடுவார்கள். அந்தக் கஸ்தூரிக்குப் புருஷன் நான். ஆவடித் தொழிற்சாலை ஒன்றில் இருபத்திரண்டு வருஷமாக டர்னர். இரும்பைச் சுழலவிட்டு, தலைமுடி கனத்தில் பாதிகூடப் பிசகாமல் சீவி எடுப்பேன். என் கையில் ஒரு வேலை கெட்டது என்று எந்த சூப்பர்வைசரும் சொன்னதில்லை. அந்தக் கொழுப்புதான் எல்லாவற்றுக்கும் காரணம்.

1988 ஐப்பசி மழையில் வீட்டுக்குப் பின்னால் நின்ற வேப்பமரம் சாய்ந்தது. அடுப்புக்கு ஆகும் என்றாள் கஸ்தூரி. எனக்கு வேறு ஆசை. அதற்குச் சில மாதம் முன்பு கரையான்சாவடியில் ஒரு கல்யாணத்துக்குப் போனபோது, மண்டபத்துக்கு எதிரே துலுக்கானம் என்பவருடைய கடைசல் பட்டறையைப் பார்த்திருந்தேன். என் வயசுதான் இருக்கும் அவருக்கு. சதுரக் கட்டை சுழல்கிறது, மனுஷன் உளியை வெறும் கையில் பிடித்து லேசாகச் சாய்க்கிறார், கட்டில் காலில் மணி மணியாக உருண்டை விழுகிறது. நான் பந்திக்குப் போக மறந்து அங்கேயே நின்றேன். திரும்பி வரும்போது வழி முழுக்கக் கஸ்தூரியிடம் திட்டு வாங்கினேன்.

மரம் சாய்ந்ததும் அந்த நினைப்பு பிடித்துக்கொண்டது. அம்பத்தூர் பழைய இரும்புக் கடையில் அரை எச்.பி. மோட்டார் ஒன்று கிடைத்தது. ஆங்கிள் இரும்பை வெல்டு வைத்துப் பின்கட்டில் மரம் கடைய ஒரு லேத்தை நிறுத்தினேன். மோட்டாரைப் போட்டால் வீட்டு பல்பு மங்கும். ஊசியில் நூல் கோக்க முடியவில்லை என்று உள்ளே இருந்து கஸ்தூரி கத்துவாள்.

இரும்பு தெரிந்தவனுக்கு மரம் என்ன பெரிய விஷயம் என்று இறங்கினேன். கட்டையின் இரண்டு முகத்திலும் மூலைக்கு மூலை கோடு போட்டு, கோடு வெட்டுகிற இடத்தில் லேத்தின் முள்ளைக் குத்தி, இரண்டு பக்கமும் இறுக்கினேன். அதுவரை சரிதான். இரும்பு லேத்தில் உளியை மெஷினே பிடித்துக்கொள்ளும். இங்கே உளியும் என் கையில், முட்டுக் கொடுப்பதும் என் கை. முதல் நாள் நேராகக் கொண்டுபோய் உளியைக் குத்தினேன். கட்டை உளியைப் பிடுங்கி, தானும் கழன்று, பறந்து போய்த் துளசி மாடத்தை உடைத்தது. கஸ்தூரி வந்து பார்த்துவிட்டு, "உன் மண்ட தப்பிச்சிதே, அதுக்கே சாமிக்குத் தேங்கா ஒடைக்கணும்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

மூன்று வாரம் விடவில்லை. உளியின் முதுகை முதலில் மரத்தின் மேல் உரச விட வேண்டும். பிறகு பிடியை மெள்ள மெள்ளத் தூக்கினால் வாய் தானாக மரத்தைக் கடிக்கும். மூலைகள் இருக்கும்வரை தடதடவென்று கை அதிரும். கட்டை உருண்டையாகிற நேரத்தில் சத்தம் அடங்கிப் போகும். அந்த அடங்கலுக்காகவே எத்தனை கட்டையை வேண்டுமானாலும் கடையலாம் போல இருந்தது. சுருள் சுருளாக, முழ நீளத்துக்குச் சீவல் வந்தது. இரும்பு வேலையில் நீளச் சுருள் வந்தால் உளி சரியாகத் தீட்டியிருக்கிறது என்று அர்த்தம். எனக்குத் தலைகால் புரியவில்லை. மூக்குக் கண்ணாடியில் பொட்டுப் பொட்டாக ஈரம் தெறித்ததே, அதை மட்டும் துடைத்துப் போட்டுக்கொண்டேன்.

முதல் ஸ்டூல் கால் முடிந்ததும் அதைத் துண்டில் சுற்றிக்கொண்டு துலுக்கானத்திடம் போனேன். பெருமை அடிக்கத்தான், வேறெதற்கு? அவர் உருண்டைகளைப் பார்க்கவே இல்லை. காலைக் கன்னத்தில் வைத்தார், மோந்து பார்த்தார்.

"கடசல் நல்லா வந்துகீது அண்ணாத்தே. மரம் இன்னும் ஈரமா கீது. ஒரு வருசம் நெழல்ல போட்டு வெச்சிட்டு அப்பால கட" என்றார்.

வெர்னியர் அளவுகோல் வைத்து அளந்திருக்கிறேன், காலின் மேல்நுனியைப் பலகைத் துளைக்குள் அடித்து ஏற்றினால் இம்மி ஆடாது என்றேன்.

"அளவு இன்னிக்கி சரியாத்தான் கீது. சித்திரைல பாரு."

கட்டில் கால் கடைகிற ஆள், பீரங்கிக்குப் பாகம் கடைகிற எனக்குச் சொல்கிறானே என்று பஸ்ஸில் வரும்போது சிரித்துக்கொண்டேன். சொன்னால் கேட்கிற ஜென்மமா நான்?

பொங்கலுக்கு முன்பு ஸ்டூல் தயார். மேல்பலகை பழைய தேக்குக் கதவிலிருந்து அறுத்தது, எலும்பு மாதிரி காய்ந்த மரம். கால்கள் பச்சை வேம்பு. நாலு துளை, நாலு கால், சுத்தியலால் தட்டி ஏற்றினேன். பசை போடவில்லை. அளவு சரியாக இருந்தால் பசை எதற்கு என்பது எங்கள் பிரிவில் எல்லோருக்கும் உள்ள திமிர். கஸ்தூரிக்குப் பிடித்துப் போயிற்று. ஜாக்கெட் அளவு கொடுக்க வருகிற பெண்களை எல்லாம் அதில்தான் உட்கார வைப்பாள். என் வீட்டுக்காரர் கடைந்தது என்று அவள் சொல்வதைக் கேட்கவே சும்மா உள்ளே போய் வருவேன்.

கத்திரி வெயில் தொடங்கிய நாலாம் நாள், ஞாயிற்றுக்கிழமை காலை. பரணிலிருந்து பித்தளை அண்டாவை எடுக்க அவள் அந்த ஸ்டூலில் ஏறினாள். நான் கூடத்தில் பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தேன். சத்தம் கேட்டு ஓடினேன். கஸ்தூரி வலது கை அடியில் மடங்க, கண்ணை மூடிக்கொண்டு கிடந்தாள். ஸ்டூல் கவிழ்ந்து கிடந்தது. ஒரு கால் தனியாகக் கழன்று சுவரோரம் கிடந்தது. வெயிலில் பச்சை மரம் சுருங்கியிருந்தது, காய்ந்த தேக்கின் துளை அப்படியே இருந்தது.

நான் என்ன செய்தேன் தெரியுமா? அந்தக் காலை எடுத்துத் துளையில் வைத்து உள்ளங்கையால் தட்டினேன். சுத்தியல் இல்லாமலே வழுக்கிக்கொண்டு உள்ளே போயிற்று. ஸ்டூலை நிமிர்த்தி வைத்தேன். அதற்குப் பிறகுதான் அவளைத் தூக்கினேன். அரை நிமிஷம்கூட இருக்காது. அந்த அரை நிமிஷத்தை நினைத்தால் இன்றைக்கும் என் மேலேயே காறித் துப்பத் தோன்றுகிறது.

அவள் கண்ணைத் திறந்ததும் நான் சொன்ன முதல் வார்த்தை, பார்த்து ஏறக் கூடாதா என்பதுதான். அவள் நம்பிவிட்டாள்.

முறிந்த மணிக்கட்டு எலும்பு கூடியது, ஆனால் கை முன்மாதிரி மடங்கவில்லை. கத்தரிக்கோலை அழுத்திப் பிடிக்க முடியாது. துணி கொடுத்தவர்கள் ஒவ்வொருவராக வாங்கிக்கொண்டு போனார்கள். விசாரிக்க வந்தவர்களிடம் எல்லாம், தனக்குத்தான் கவனம் போதாது என்று அவளே சொன்னாள். ஸ்டூலைக் காட்டி, பாருங்கள், அது கல்லுக்குண்டு மாதிரி நிற்கிறது என்றும் சொல்வாள். கல்லுக்குண்டு மாதிரிதான் நின்றது. அவள் ஆஸ்பத்திரியில் இருந்தபோதே நான் பசை போட்டு ஒட்டியிருந்தேன்.

வாயைத் திறக்க நாலைந்து முறை பார்த்தேன். சோற்றைப் பிசைந்து இடது கையால் அவள் சாப்பிடும்போது தொண்டை வரைக்கும் வரும், விழுங்கிவிடுவேன். லேத்துக்குச் சாக்கைப் போட்டு மூடினேன். ஏன் கடையவில்லை என்று அவள் கேட்டால் மோட்டார் கெட்டுவிட்டது என்றேன். அதுவும் பொய்.

திருவேற்காட்டில் கட்டிக்கொடுத்த எங்கள் மகள் வசந்தகுமாரி பிரசவத்துக்கு வந்தாள். ஐப்பசியில் ஆண் குழந்தை. வீட்டுக்குக் கொண்டு வந்த அன்று, குளிக்கப் போக வேண்டும், கொஞ்சம் பிடியம்மா என்று அவள் குழந்தையை நீட்டினாள். கஸ்தூரி இரண்டு அடி பின்னால் போனாள். கையைப் புடவைக்குள் மறைத்துக்கொண்டாள்.

"வேணாம்மா. வலிக்குதுன்னு சொல்லல. நான் கவனம் கெட்டவ. நின்ன எடத்துல நின்னுகினு விழுந்தவ. கொயந்தைய என்னிய நம்பிக் குடுக்காத" என்றாள்.

வசந்தகுமாரி சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. முதல் பேரனைத் தொட மாட்டேன் என்கிறாள், ஆறு மாசமாக நான் ஊட்டிய பொய் அவளை அங்கே கொண்டுபோய் நிறுத்தியிருக்கிறது. இதற்கு மேலும் வாயை மூடிக்கொண்டிருந்தால் நான் மனுஷன் இல்லை.

"கஸ்தூரி, நீ விழல. கால் கயண்டுகிச்சி" என்றேன்.

அவளுக்குப் புரியவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். துலுக்கானம் சொன்னது, நான் சிரித்தது, சித்திரை வெயிலில் மரம் சுருங்கியது, கழன்ற காலைத் திருப்பிப் பொருத்தியது. ஸ்டூலைக் கவிழ்த்து, ஒரே ஒரு காலைச் சுற்றி மட்டும் பசை வெள்ளையாகப் பிதுங்கிக் காய்ந்திருப்பதைக் காட்டினேன். அவள் குனிந்து அந்த வெள்ளை வளையத்தை விரலால் தடவினாள். திட்டப் போகிறாள் என்று காத்திருந்தேன். திட்டினால் நன்றாக இருந்திருக்கும்.

"நான் கீய கெடந்தேன். நீ மொதல்ல எத்தத் தூக்கின?" என்று கேட்டாள்.

அதைத் தவிர வேறு எதைக் கேட்டிருந்தாலும் ஏதாவது சமாளித்திருப்பேன்.

"கால" என்றேன்.

தலையை ஆட்டினாள். என் முகத்தைப் பார்க்கவில்லை. மகள் பக்கம் திரும்பி இரண்டு கைகளையும் நீட்டி, குடு என்றாள். மடங்காத வலது கையைக் குழந்தையின் அடியில் கொடுத்து, இடது கையால் தலையைத் தாங்கி, மாரோடு அணைத்துக்கொண்டு உள்ளே போனாள்.

அதற்குப் பிறகு அவள் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. ஸ்டூலை உடைத்து அடுப்பில் வைக்கப் போனேன், கூடாது என்று பிடுங்கி வைத்துக்கொண்டாள். எட்டு வருஷம் ஆகிறது. மீதி வேப்பங்கட்டைகள் நன்றாகக் காய்ந்துவிட்டன, சாக்கை எடுத்துவிட்டு இப்போது கடைந்தால் தூளும் சிராயும்தான் வருகிறது, நீளச் சுருள் வருவதில்லை. பரணில் ஏதாவது எடுக்க வேண்டும் என்றால் கஸ்தூரி அந்த ஸ்டூலைத்தான் கொண்டு வந்து போடுவாள். என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவாள். நான் போய் மண்டி போட்டு இரண்டு கையாலும் பசை போட்ட அந்தக் காலைப் பிடித்துக்கொள்வேன். போதும் என்று அவள் சொல்லும்வரை விட மாட்டேன்.