மச்சான் பிடித்த கயிறு

யுத்தம் நடந்துகொண்டிருந்த வருஷங்களில் நான் தூத்துக்குடியில் ஒரு சங்கு வியாபாரியிடம் குமாஸ்தா. பகலில் கடற்கரையில் சங்கு தரம் பிரிப்பேன். சாயங்காலம் மில்லர்புரத்தில் ஒரு நண்பர் வீட்டு வாசல் கொட்டகையில் கர்மம், மறுபிறவி பற்றிப் பிரசங்கம் செய்வேன். கேட்க எட்டுப் பேர் வருவார்கள். மழை பெய்தால் பன்னிரண்டு. யாருக்கு என்ன கஷ்டம் வந்தாலும், முற்பிறவியில் அவர் என்ன செய்திருப்பார் என்று உடனே சொல்லிவிடுவேன். அவருக்கு ஆறுதலாக இருந்ததோ இல்லையோ, எனக்கு இருந்தது.

அந்தக் கடலில் ஒரு வழக்கம் உண்டு. சங்கு குளிப்பவர் இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு இறங்குவார். மறுமுனையைப் படகில் பிடித்திருப்பவர் பெரும்பாலும் அவருடைய மனைவியின் உடன்பிறந்தவர். தங்கையின் தாலி தன் கையில் இருக்கும்போது எவனும் கண் அசரமாட்டான் அல்லவா? கீழேயிருந்து அவர் சுண்டி, கயிறு ஒரு வெட்டு வெட்டினால் மேலே இழுக்க வேண்டும். வேலை அவ்வளவுதான்.

ஒரு நாள் காலை, எனக்குப் பழக்கமான சங்கு குளிப்பவர் ஒருவரின் மச்சானுக்குக் காய்ச்சல். "கயிறுதானே, நான் பிடிக்கிறேன்" என்றேன். அவர் மனைவி என்னை மேலும் கீழும் பார்த்தாள். முறை இல்லாதவன் கையில் எப்படிக் கொடுப்பது? கொஞ்சம் யோசித்துவிட்டு, வெற்றிலை மடித்து என் கையில் வைத்தாள்.

"இன்னைக்கி நீங்கதான் எனக்கு அண்ணன். உங்களுக்கு எத்தனையோ ஜென்மம் உண்டுன்னு சொல்லுதீய. எங்க மாதா கோயில் சாமியாரு ஒண்ணுதாம்னு சொல்லுதாவ. அந்த ஒண்ணத்தான் உங்க கையில தாறேன், அண்ணாச்சி."

நல்ல பேச்சு, பிரசங்கத்துக்கு உதவும் என்று மனத்தில் குறித்துக்கொண்டேன். பொருள் மட்டும் மண்டையில் ஏறவில்லை.

முதல் ஐந்தாறு முறை ஒழுங்காகவே இழுத்தேன். படகை நடத்தும் தண்டல்தான் சும்மா இராமல் வாயைக் கிளறினார்.

"ஏன் அண்ணாச்சி, இத்தனை சங்கக் கொல்லுதோமே, அடுத்த ஜென்மத்துல நாங்க சங்காப் பொறப்போமா?"

"சந்தேகமே இல்லை."

"அப்ப இந்தச் சங்கெல்லாம் முந்தி குமாஸ்தாவா இருந்துச்சோ? வாயத் தொறந்தே கெடக்கு!"

படகே சிரித்தது. விட முடியுமா? ஆத்மா உடம்பு மாறும் விதத்தை விளக்க எனக்கு இரண்டு கையும் வேண்டும். கயிற்றைப் படகின் குறுக்குக் கட்டையில் இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டு எழுந்து நின்றேன். வலது கை பழைய உடம்பு, இடது கை புது உடம்பு. ஆத்மா நடுவழியில் போய்க்கொண்டிருந்தபோது தண்டலின் முகம் மாறியது.

"ஏலே, கயிறு வெட்டுது!"

கட்டையருகே கயிறு துடித்தது. நான் குனிவதற்குள் துடிப்பு நின்றுவிட்டது. பை நிறையச் சங்கோடு, மேலே இருப்பவன் இழுத்துவிடுவான் என்று நம்பித்தான் அவர்கள் கடைசி மூச்சுவரை அடியில் இருப்பார்கள். இழுத்தேன். உள்ளங்கைத் தோல் கயிற்றோடு போயிற்று. அவர் மேலே வந்தபோது மூக்கில் ரத்தம், மூச்சு இல்லை. தண்டல் அவரைக் குப்புறப் போட்டு முதுகை அழுத்தினார். இது அவருடைய முற்பிறவிப் பயன் என்று அப்போது எனக்குத் தோன்றியதா என்றால், இல்லை. இந்தப் பிறவியில், சற்று முன்னால், நான் செய்தது.

எவ்வளவு நேரமோ தெரியாது. ஓர் இருமல். வாயிலிருந்து தண்ணீர் கொட்டியது. படகு முழுக்க ஒரே கூச்சல். அவர் கண்ணைத் திறந்து என்னைத் தேடினார்.

"என்ன மச்சான், பிரசங்கம் முடிஞ்சிதா?"

நான் அழுதுகொண்டே, கட்டையில் சுற்றியதைச் சொன்னேன். "தெரியும். கயிறு மரம் மாதிரில்லா நின்னுச்சு" என்றார்.

மதியத்துக்கு மேல் அந்த மனுஷர் மறுபடி இறங்குவேன் என்று நின்றார். தண்டல் கயிற்றுக்குக் கை நீட்டினார். அவர் கொடுக்கவில்லை.

"மச்சானே புடிக்கட்டும். இனிமே இந்தக் கடல்லயே இவரப் போல ஒரு கை கெடையாது."

துண்டைக் கிழித்து உள்ளங்கையில் சுற்றிக்கொண்டு பிடித்தேன். வாயே திறக்கவில்லை. ஒரு மீன் உரசினாலும் இழுத்துவிட்டேன். "மச்சான், ஒரு சங்காவது எடுக்க விடுங்க!" என்று அவர் தலையை நீட்டிக் கத்தினார். ஒவ்வொரு முறையும் அந்தத் தலை தண்ணீருக்கு மேலே வந்தபோது, ராஜ்யம் பிடித்தவன் மாதிரி இருந்தது எனக்கு.

கரையில் அவர் மனைவி என் கையைப் பார்த்துவிட்டாள். "புதுக் கயிறு, அதான்" என்றார் அவர். நான் விடவில்லை, எல்லார் முன்னிலையிலும் நடந்ததைச் சொன்னேன். அவள் என் கையில் சுற்றியிருந்த துணியை அவிழ்த்து, இறுக்கி மறுபடி கட்டினாள். பிறகு, "எங்கண்ணனுக்கு நாளைக்கும் காய்ச்சல் விடாது. வெள்ளன வந்துருங்க" என்றாள்.

அடுத்தவர் கஷ்டத்துக்கு அவருடைய முற்பிறவியில் காரணம் தேடும் உத்தியோகத்தை அன்றோடு விட்டேன். செத்த பிறகு என்ன பிறவி வாய்க்கும் என்று இன்றும் எனக்குத் தெரியாது. ஆனால் செய்த தப்பு கையில் எரிந்துகொண்டிருக்கும்போதே, அதே கயிற்றை அதே கையில் ஒருவர் நம்பிக் கொடுத்தாரே, அப்போது பிறந்தவன்தான் இதை எழுதிக்கொண்டிருக்கிறான்.