ரஃபியின் தொழுகை நேரம்

இறந்தவன் விட்டுப்போன ஒன்றைக் காப்பாற்ற, உயிரோடு இருப்பவன் எதையெல்லாம் இழக்கலாம்? உத்தமபாளையத்தில் பிரவுசிங் சென்டர் நடத்திய அஷ்ரபின் வாழ்க்கை சில காலம் இந்தக் கேள்வியைச் சுற்றியே கழிந்தது. அவனைப் பெரிய அறிவாளி என்று சொல்ல மாட்டேன். பிடிவாதக்காரன், அவ்வளவுதான்.

கடையை அவனும் ரஃபியும் சேர்ந்து ஆரம்பித்தார்கள். கம்ப்யூட்டர்களில் விண்டோஸுக்குப் பதிலாக இலவச லினக்ஸ் போட்டது ரஃபி. மேற்கு மலைக்குப் பின்னால் சூரியன் முன்னதாகவே மறைந்துவிடும் ஊர் இது. கண்ணை நம்பி நோன்பு திறக்க முடியாது. அதனால் ஊருக்கென்றே தொழுகை நேரம் கணக்கிடும் புரோகிராம் ஒன்றையும் அவன் எழுதினான். அது அச்சிட்டுத் தரும் தாளைத்தான் பள்ளிவாசலில் ஒட்டுவார்கள்.

பிறகு ரஃபி சார்ஜாவுக்குப் போனான். 2005இல் காய்ச்சல் கண்டு இறந்தான். அங்கேயே அடக்கம் செய்தார்கள். புரோகிராமைத் திருத்தத் தேவையான மூல நிரல் அவன் லேப்டாப்பில் மட்டுமே இருந்தது. லேப்டாப் திரும்பவில்லை. அவன் அம்மா அம்சத் பீவி ரமலான்தோறும் கடைக்கு வந்து தாளில் ஒரு பிரதி வாங்கிப் போவார். அவருக்குப் படிக்கத் தெரியாது.

ஒவ்வொரு புரோகிராமும் வேறு சிலவற்றை நம்பி நிற்கிறது. ரஃபியினுடையது, லைப்ரரி என்று சொல்லப்படும் ஒரு பழைய துணை ஃபைலை நம்பியிருந்தது. புதிய லினக்ஸ் அந்த இடத்தில் புதிய லைப்ரரியைக் கேட்டது. இரண்டும் சேர்ந்து இருக்காது. அப்கிரேட் தொடங்கும்போதெல்லாம், ரஃபியின் புரோகிராம் நீக்கப்படும், சம்மதமா என்று திரை கேட்கும். அஷ்ரப் இல்லை என்பான்.

பழைய பிரவுசரில் புதிய பக்கங்கள் திறக்கவில்லை. கூட்டம் எதிர்க்கடைக்குப் போனது.

"அவுக போயிட்டாக. அவுக எழுதுனது நம்ம கடையையும் கூடவே கூட்டிக்கிட்டுப் போகப் பாக்குது" என்றாள் மனைவி ரெஹானா.

"ரெண்டையும் ஓட்டிக் காட்றேன்."

"காட்டுங்க. எதிர்க்கடைக்காரருதான் கை தட்டுவாரு."

2008இல், பழைய லைப்ரரியை மட்டும் அசையாமல் நிறுத்திவைத்து அப்கிரேட் செய்தான். பாதி புதிது, பாதி பழையது என்று எல்லாம் சிக்கிக்கொண்டது. பிளஸ் டூ ரிசல்ட் அன்று ஒரு கம்ப்யூட்டரும் எழவில்லை. வந்த பிள்ளைகள் வாசலோடு திரும்பினார்கள்.

அதற்குப் பிறகுதான் பொறுமை வந்தது. முதலில் திரை கேட்டபடி ரஃபியின் புரோகிராமை நீக்க விட்டான். அப்கிரேட் முழுதாக முடிந்தது. பிறகு அந்தப் புரோகிராமையும் பழைய லைப்ரரியையும் பழைய இன்ஸ்டால் பேக்கேஜ்களிலிருந்து பிரித்தெடுத்துத் தனி ஃபோல்டரில் வைத்தான். அந்தப் புரோகிராம் மட்டும் அங்கே போய்த் தேடும்படி செய்தான். ஓடியது. புதியதற்கும் இடைஞ்சல் இல்லை. அந்த ரமலானுக்கு ரஃபியின் தாள்தான் பள்ளிவாசலில். பிள்ளைகளும் கடைக்குத் திரும்பினார்கள்.

அடுத்த ரமலானுக்கு முன்பு ஒரு மத்தியானம், எதுவும் இடிக்கவில்லை, திரையும் எதையும் கேட்கவில்லை, அஷ்ரப் அந்த ஃபோல்டரைத் தானாகவே அழித்தான். காப்பி வைத்திருந்த சிடியையும் உடைத்தான். பள்ளிவாசலுக்கு மதுரையில் அச்சடித்த அட்டவணையை வாங்கிக் கொடுத்தான். மதுரைக்கும் ஊருக்கும் வித்தியாசப்படும் நிமிடங்களைக் கூட்டிப் பேனாவால் எழுதினான்.

அம்சத் பீவி வந்தார். தாளைத் தடவிப் பார்த்தார்.

"ஏலே அஷ்ரப்பு, இது எம்மவன் கணக்குத்தானே?"

ஆமாம் என்றிருந்தால் அவர் நம்பியிருப்பார்.

"இல்ல மாமி" என்றான்.

ரெஹானா பலமுறை காரணம் கேட்டாள். அவன் சொல்லவே இல்லை.