வரிசையில் நின்றபடி நிறுத்திய மோட்டார்

வரிசையில் நிற்கிறவர்கள் எல்லாரும் தலையைக் குனிந்துகொண்டு போனையே பார்க்கிறார்கள் என்று யாராவது குறைப்பட்டால் எனக்குச் சுருக்கென்று கோபம் வரும். போனைப் பார்க்காமல் வேறு எதைப் பார்ப்பது? முன்னால் நிற்பவரின் முதுகையா? அதிலும் தீம் பார்க் வரிசை இருக்கிறதே, அதைப்போல நேரத்தைத் தின்கிற வரிசை வேறெங்கும் கிடையாது. கம்பிகளுக்கு நடுவே வளைந்து வளைந்து போய், இதோ வந்துவிட்டோம் என்று நினைக்கும்போது இன்னொரு வளைவு இருக்கும். அந்த நேரத்தில் ஒருத்தி போனிலேயே தன் தோட்டத்தைக் கவனித்துக்கொண்டால் யாருக்கும் ஒன்றும் குறைந்துவிடாது. நான் கவனித்திருக்கிறேன். ஒருமுறை அதைவிடப் பெரிய காரியம் ஒன்றும் செய்திருக்கிறேன்.

எங்கள் தோட்டம் தொண்டாமுத்தூருக்கு மேற்கே, மலையை ஒட்டி இருக்கிறது. ரோட்டோரமாக வீடும் மோட்டார் ரூமும். அதற்குப் பின்னால் தென்னை, தென்னை முடிந்ததும் வாழை. வாழை முடிகிற இடத்தில் ஒரு பள்ளம். மழை பெய்தால்தான் அதில் தண்ணீர் ஓடும். பள்ளத்துக்கு அந்தப் பக்கம் காடு. யானை வருவதாக இருந்தால் அந்தப் பள்ளத்தில் இறங்கித்தான் வரும்.

எங்கள் போர்வெல்லுக்கு மொபைல் ஸ்டார்ட்டர் போட்டிருக்கிறோம். ஸ்டார்ட்டர் பெட்டிக்குள் ஒரு சிம் கார்டு இருக்கும். அந்த நம்பரைக் கூப்பிட்டால் பதிவு செய்து வைத்த ஒரு பெண் குரல் பேசும். ஒன்றை அழுத்தினால் மோட்டார் ஓடும், இரண்டை அழுத்தினால் நிற்கும். மோட்டார் ஓடத் தேவையான த்ரீ பேஸ் கரண்ட் விட்டு விட்டுத்தான் வரும்; வந்தால் ஸ்டார்ட்டரே நம்மைக் கூப்பிட்டுச் சொல்லிவிடும். யாராவது மோட்டார் ரூமுக்குள் போய்ப் பச்சைப் பொத்தானைக் கையால் அழுத்தினாலும் உடனே கூப்பிட்டு, 'மோட்டார் இயக்கப்பட்டது' என்று சொல்லும். அந்த நம்பரை 'மோட்டார்' என்றுதான் பதிந்து வைத்திருக்கிறேன். ஒரு நாளில் என்னை அதிகம் கூப்பிடுவது அதுதான். பெற்ற மகள்கூட அத்தனை முறை கூப்பிடுவதில்லை. இதை அவளிடமே சொல்லிக் காட்டியிருக்கிறேன்.

என் வீட்டுக்காரருக்கும் போனுக்கும் ஆகாது. தண்ணீர் கட்டப் போகும்போது சட்டைப் பையில் வைத்திருந்த போன் இரண்டு தடவை வாய்க்காலில் விழுந்துவிட்டது. அதிலிருந்து போனை வீட்டு ஜன்னலில் வைத்துவிட்டு, தோளில் மம்பட்டியோடு போய்விடுவார். திரும்பி வந்த பிறகுதான் யார் கூப்பிட்டார்கள் என்று பார்ப்பார். நான் எத்தனையோ முறை சண்டை போட்டுப் பார்த்துவிட்டேன். மனுசன் சிரித்துக்கொண்டே கேட்பார், சிரித்துக்கொண்டே போனை ஜன்னலில் வைப்பார்.

அதனால் எங்கள் வீட்டில் மோட்டார் பொறுப்பு என்னுடையது, தண்ணீர் கட்டுவது அவருடையது. நான் எங்கிருந்தாலும் மோட்டாரைப் போடுவேன். வாய்க்காலில் தண்ணீர் வருவதைப் பார்த்ததும் அவர் கிளம்பிப் போய் மடையைத் திருப்பிவிடுவார். கல்யாண வீட்டுப் பந்தியில் உட்கார்ந்து மோட்டார் போட்டிருக்கிறேன், பல் டாக்டரிடம் வாயைத் திறந்தபடியே போட்டிருக்கிறேன்.

மகள் கோயமுத்தூரில் விடுதியில் தங்கிப் படித்து முடித்தாள். பெங்களூரில் வேலை கிடைத்தது. கிளம்புவதற்கு முந்தின வாரம், "அம்மா, நீயும் நானும் மட்டும் ஒரு நாள் தீம் பார்க் போலாம்" என்றாள். மலையடிவாரத்தில் இருக்கிற தண்ணீர் பார்க். எனக்குச் சந்தோசம் தாங்கவில்லை. தோட்டத்தை அவர் பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். நுழைவாயிலில் போன் நனையாமல் இருக்கக் கழுத்தில் மாட்டுகிற பிளாஸ்டிக் பை விற்றார்கள். நான் ஒன்று வாங்கி மாட்டியதைப் பார்த்ததும் மகளின் முகம் போன போக்கை இன்றும் மறக்கவில்லை. அவள் தன் போனை லாக்கரில் வைத்துப் பூட்டிவிட்டு வந்திருந்தாள்.

காலையிலிருந்து நான்கைந்து வரிசைகளில் நின்றோம். ஒவ்வொன்றிலும் மோட்டார் கூப்பிட்டது. கரண்ட் வந்தது, போனது, மறுபடி வந்தது. சாயங்காலம், கடைசியாக ஒரு உயரமான சறுக்குக்கு நின்றிருந்தபோது திரும்பவும் கரண்ட் வந்தது. நான் ஒன்றை அழுத்தினேன். வாழைக்கு அன்றைக்குத் தண்ணீர் விட்டே ஆக வேண்டும்.

"உன்ற மூத்த புள்ள அந்த மோட்டாருதான், நானில்ல" என்றாள் மகள்.

"அதுதான் கண்ணு உன்னையப் படிக்க வெச்சுது."

"அதெல்லாஞ் சரி. இந்த ஒண்ணுக்காச்சும் போனைக் கூடைல போட்டுட்டு வா. இனி எப்ப இப்புடி வரப்போறோம்?"

அதைச் சொல்லும்போது அவள் குரல் கொஞ்சம் இறங்கியது. எனக்கும் மனசு கேட்கவில்லை. சரி என்று வாக்குக் கொடுத்தேன். சறுக்கின் வாசலில் ஒரு பணியாளர் பிளாஸ்டிக் கூடையோடு நின்றிருந்தார். போன், மூக்குக் கண்ணாடி, எல்லாவற்றையும் அதில் போட்டுவிட்டுத்தான் மேலே ஏற வேண்டும். எங்களுக்கும் கூடைக்கும் நடுவே இரண்டு வளைவுகள்தான் பாக்கி.

கழுத்திலிருந்து பையைக் கழற்றும்போது ஒரு வாய்ஸ் மெசேஜ் வந்தது. எங்கள் பகுதித் தோட்டக்காரர்கள் யானை நடமாட்டத்தைச் சொல்வதற்கென்றே ஒரு வாட்ஸ்அப் குரூப் வைத்திருக்கிறோம். அதில் பக்கத்துத் தோட்டத்துக்காரர் பேசியிருந்தார். மூச்சு வாங்கியபடி பேசினார்.

"ஏனுங்க, ஒத்தை ஆனை ஒண்ணு பள்ளத்துல எறங்கிருக்குதுங்க. வாழையைப் பாத்து வருதுங்க. யாரும் அந்தப் பக்கம் போயிராதீங்க. பாரஸ்ட்டுக்குச் சொல்லிப்போட்டன்."

ஊரில் யானைக் கூட்டத்துக்குக்கூட அவ்வளவு பயப்பட மாட்டோம். ஒற்றை யானை என்றால் வேறு. அது எந்தப் பக்கம் திரும்பும் என்று சொல்லவே முடியாது. என் வீட்டுக்காரர் அந்த வாழைக்குள்தான் மடை திருப்பிக்கொண்டு நிற்பார். அவரை அங்கே போகவைத்ததே நான் போட்ட மோட்டார்தான்.

அவருக்கு அடித்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. ஜன்னலில் இருக்கிற போனை யார் எடுப்பார்கள்? பக்கத்துத் தோட்டத்துக்காரருக்கு அடித்தேன். ஊரே அவரைத்தான் கூப்பிட்டுக்கொண்டிருந்திருக்க வேண்டும், லைன் கிடைக்கவில்லை. திரும்பத் திரும்ப அடித்தும் கிடைக்கவில்லை. நாங்கள் நின்ற இடத்திலிருந்து தோட்டத்துக்கு எவ்வளவு வேகமாகப் போனாலும் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும்.

"என்னம்மா?" என்றாள் மகள். என் முகத்தைப் பார்த்ததும் அவளுடைய கோபமெல்லாம் போய்விட்டது. மெசேஜைப் போட்டுக் காட்டினேன். கேட்டுவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. இதை நான் பெருமையாகவே சொல்லிக்கொள்வேன். அவரிடம் போன் இல்லை. ஆனால் அவர் காலடியில் என் தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கிறது. அந்தத் தண்ணீர் நின்றுபோனால் அவர் என்ன செய்வார்? கரண்ட் போய்விட்டதென்று கரண்ட் ஆபீஸைத் திட்டுவார். மம்பட்டியை அங்கேயே போட்டுவிட்டு, மோட்டார் ரூமுக்கு வந்து பார்ப்பார். கல்யாணமான நாளிலிருந்து அவர் இதில் மாறியதே இல்லை. மோட்டார் ரூம் ரோட்டோரம், வீட்டை ஒட்டி இருக்கிறது. பள்ளத்துக்கு நேர் எதிர்ப்பக்கம்.

மோட்டார் நம்பரைக் கூப்பிட்டேன். அந்தக் குரல் நிதானமாக வணக்கம் சொன்னது. இரண்டை அழுத்தினேன். வேலை செய்யவில்லை. பையும் ஈரம், விரலும் ஈரம். பையிலிருந்து போனை வெளியே எடுத்தேன். விரலைத் துடைக்கலாம் என்றால் உடம்பில் உலர்ந்த துணி ஒரு சாண் கிடையாது. மகளும் தலையிலிருந்து கால்வரை சொட்டச் சொட்ட நின்றாள்.

எங்களுக்குப் பின்னால், தண்ணீரிலேயே இறங்காமல், தன் பிள்ளைக்கு இடம் பிடிப்பதற்காக மட்டும் வரிசையில் நின்ற ஒரு அம்மா இருந்தார். நான் தவிப்பதைப் பார்த்து முந்தானையை நீட்டினார்.

"இதுல தொடச்சுக்கங்க கண்ணு" என்றார். என்ன ஏது என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

விரலைத் துடைத்தேன், போனைத் துடைத்தேன், இரண்டை அழுத்தினேன். 'மோட்டார் நிறுத்தப்பட்டது' என்றது குரல்.

அதற்கப்புறம் காத்திருப்பதைத் தவிர வேறு வழியில்லை. அன்று முழுவதும் காத்திருந்த எல்லா வரிசையையும் சேர்த்தால்கூட இவ்வளவு நீளமாக இருந்திருக்காது. வாழையிலிருந்து வாய்க்கால் மேட்டில் ஏறி, தென்னைக்குள் நடந்து, வீட்டைச் சுற்றி வர வேண்டும். அவர் நடந்து வருவதை நான் மனசுக்குள் பார்த்துக்கொண்டிருந்தேன். பீடி பற்றவைக்க நின்றுவிடக் கூடாதே என்று வேண்டிக்கொண்டேன். இதற்குள் வரிசை நகர்ந்து எங்கள் முறை வந்துவிட்டது. போனைக் கூடையில் போடச் சொன்னார் பணியாளர். மகள் என்னை முந்திக்கொண்டு, "நாங்க போகலீங்க, பின்னால இருக்கறவங்க போகட்டுங்க" என்று சொல்லி, என்னைக் கம்பியோரமாக இழுத்து நிறுத்தினாள்.

போன் அடித்தது. திரையில் 'மோட்டார்' என்று இருந்தது. எடுத்தேன்.

'மோட்டார் இயக்கப்பட்டது.'

எனக்கு உயிர் வந்தது. பச்சைப் பொத்தானை ஒரு கை அழுத்தியிருக்கிறது. அந்த வீட்டில் அவரைத் தவிர வேறு ஆள் கிடையாது. "அப்பா வந்துட்டாரு" என்றேன். மகள் அழுதுவிட்டாள். நான் அழவில்லை, அழ நேரமில்லை. மோட்டார் ஓடினால் மனுசன் திரும்பவும் வாழைக்குத்தானே போவார்? உடனே இரண்டை அழுத்தினேன். நிறுத்தினேன்.

கொஞ்ச நேரத்தில் மறுபடி போன். 'மோட்டார் இயக்கப்பட்டது.' நான் நிறுத்தினேன். அவர் போட்டார். நான் நிறுத்தினேன். அவர் பல்லைக் கடித்துக்கொண்டு பொத்தானை அழுத்துவது எனக்கு அங்கிருந்தே தெரிந்தது. எங்கள் கல்யாண வாழ்க்கையில் நாங்கள் போட்ட சண்டைகளிலேயே அதுதான் எனக்கு மிகவும் பிடித்தது. அவர் கோபப்படக் கோபப்பட எனக்கு நிம்மதியாக இருந்தது.

கடைசியில் அவருடைய நம்பரிலிருந்தே போன் வந்தது.

"ஏம்புள்ள, மோட்டாரு போடப் போட நின்னுபோகுது. என்ன கருமமோ தெரியல. மெக்கானிக்கைக் கூப்புடு."

"நான்தானுங்க நிறுத்தறேன்."

"ஏன், உனக்கென்ன கிறுக்கா?"

"ஒத்தை ஆனை பள்ளத்துல எறங்கிருக்குதுங்க. வாழைக்குத்தான் வருதாம். ஊட்டுக்குள்ள போய்க் கதவைச் சாத்துங்க."

அந்தப் பக்கம் கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. அப்புறம் எங்கோ தூரத்தில், பச்சை மரம் முறிகிற சத்தம். ஒன்று, பின்னாலேயே இன்னொன்று. அது என் காதிலும் விழுந்தது.

"வந்துருச்சு" என்றார் மெதுவாக. பிறகு, "நீங்க ரெண்டு பேரும் சாப்புட்டீங்களா?" என்று கேட்டார். அவருக்கு அந்த நேரத்தில் வேறு என்ன பேசுவதென்று தெரியவில்லை.

வனத்துறை வண்டி வந்து, வெடி போட்டு யானையைத் திருப்பிவிட்டதாகப் பிறகு குரூப்பில் வந்தது. மகள் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "மறுபடியும் மொதல்ல இருந்து நிக்கலாமாம்மா?" என்றாள். நின்றோம். இந்த முறை வரிசை முழுக்க என் போனை அவளே கையில் பிடித்திருந்தாள், தண்ணீர் படாமல். கூடை வந்தபோது நானாகவே போனை அவளிடமிருந்து வாங்கி அதில் போட்டேன். சறுக்கில் இறங்கும்போது நான் போட்ட கூச்சல் கேட் வரைக்கும் கேட்டதாம்.

மறுநாள் போய்ப் பார்த்தோம். இரண்டு வரிசை வாழை தரையோடு கிடந்தது. மடை ஓரத்தில் அவர் போட்டுவிட்டு வந்த மம்பட்டியின் பிடி மிதிபட்டு நாராகியிருந்தது. அவர் அதைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தோளில் வைத்துக்கொண்டு நடந்தார்.

இனியாவது போனை எடுத்துக்கொண்டு போவார் என்று நினைத்தேன். போகவில்லை. இன்னும் ஜன்னலில்தான் வைக்கிறார். ஆனால் நான் வெளியூர் போகிற நாட்களில் ஒன்று நடக்கிறது. சாயங்காலம் இருட்டுகிற நேரத்துக்கு மோட்டாரிலிருந்து எனக்கு அழைப்பு வரும். மோட்டார் இயக்கப்பட்டது என்று சொல்லும். அடுத்த நிமிடமே நின்றுவிடும். அந்த நேரத்தில் தண்ணீர் கட்டுகிற வழக்கமே எங்களுக்குக் கிடையாது.

"ஏனுங்க, பொழுதோட சும்மா சும்மா மோட்டாரைப் போட்டு நிறுத்தறீங்க?" என்று ஒருநாள் கேட்டேன்.

"சும்மாதான். ஓடுதான்னு பாத்தன்" என்றார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

போன வாரம் பெங்களூரில் மகளோடு ஒரு கடையில் பில் போட நின்றிருந்தேன். நீளமான வரிசை. இருட்டுகிற நேரம். போன் அடித்தது. முன்னால் நின்றவர் திரும்பிப் பார்த்து, ஒரு நிமிடம்கூட இவர்களால் போன் இல்லாமல் நிற்க முடியாதா என்பதுபோல் முகத்தைச் சுளித்தார். நான் அவரைப் பார்த்துச் சிரித்துவிட்டு, போனைக் காதில் வைத்துக்கொண்டேன். 'மோட்டார் இயக்கப்பட்டது' என்றது குரல். என் வீட்டுக்காரர் வீட்டுக்கு வந்துவிட்டார்.