யார் யாரைக் கைவிட்டது

என் வீட்டுப் பின்பக்க யன்னலுக்கு ஒரு சிவப்புத் தடிதான் முட்டு. இரண்டு முழ நீளம், ஒரு முனை சிதைந்திருக்கிறது. கண்ணிவெடி அகற்றும் வேலையில், வெடி தேடுபவருக்கு முன்னால் இதை நிலத்தில் குறுக்காக வைப்பார்கள். தடிக்கு இந்தப் பக்கம் பார்த்து முடித்த நிலம். அந்தப் பக்கம் இன்னும் பார்க்காதது. ஒரு சாண் நிலம் சுத்தமானால் தடியும் ஒரு சாண் முன்னே போகும். பளைக்கு அப்பால் இருந்த முகாமில் நான் களஞ்சியப் பொறுப்பாளராக வேலை செய்த ஆண்டுகளில் இப்படி எத்தனையோ தடிகள் என் கையால் போய் வந்தன. இது மட்டும் எங்கள் குழுத்தலைவியின் கையிலிருந்து வந்தது.

அவர் அவசரப்பட்டு நான் கண்டதில்லை. மாலையில் எல்லாரும் முகக்கவசத்தையும் மேலங்கியையும் மேசையில் போட்டுவிட்டு பஸ்ஸுக்கு ஓடுவார்கள். அவர் துடைத்து, மடித்து, என் கையில் தந்துவிட்டுத்தான் போவார். எங்களுக்குப் பயிற்சி தர வந்திருந்த போஸ்னியாக்காரரும் அதே வகை மனிதர். ஒப்பந்தம் முடிந்து அவர் தன் நாட்டுக்குத் திரும்பிய பிறகுதான் இருவரும் கலியாணம் செய்யப்போகும் செய்தி வெளியே வந்தது. ஆனால் முகாமில் அது யாருக்கும் புதினமாக இருக்கவில்லை. "அங்கையும் மிதிவெடிதானாம். பிள்ளை தொழில் மாறத் தேவையில்லை" என்றார் சமையற்காரர்.

கலியாணம் மாப்பிள்ளையின் ஊரில் நடப்பதாக முடிவாயிற்று. அந்த நாடு கேட்ட பத்திரங்களை ஒழுங்குபடுத்தும் வேலை என்னிடம் வந்தது. "அண்ணை, நீங்களே அடுக்குங்கோ. நான் அடுக்கினா பொலிஸ் ரிப்போட்டுக்குள்ள கரண்ட் பில் கிடக்கும்" என்று பத்திரக் கோப்பை என்னிடம் தந்தார். பிறப்புச் சான்றிதழ் வந்தது, பொலிஸ் அறிக்கையும் வந்தது. மிஞ்சியிருந்தது விவாகமாகாதவர் என்ற சான்றிதழ் ஒன்றுதான். அதற்கு விண்ணப்பித்தபோது, இந்தப் பெயரில் ஏற்கெனவே ஒரு விவாகப் பதிவு இருக்கிறது என்று பதில் வந்தது. வாசித்துவிட்டு, களஞ்சியத்தில் கிடந்த பெட்டி ஒன்றின் மேல் அவர் உட்கார்ந்துவிட்டார்.

"அது எரிஞ்சு போச்செண்டெல்லோ நினைச்சனான்" என்றார்.

போரில் இயக்கம் பிள்ளைகளைச் சண்டைக்குக் கொண்டுபோன காலத்துப் பதிவு அது. கலியாணம் முடித்தவர்களை விட்டுவிடுவார்கள் என்ற நம்பிக்கையில், வன்னியில் எத்தனையோ வீடுகளில் அவசரப் பதிவுகள் நடந்தன. இவருடைய குடும்பம் அப்போது இடம்பெயர்ந்து முள்ளியவளையில் இருந்தது. பக்கத்து வளவுப் பெடியனையும் இவரையும் பதிவாளர் முன் கொண்டுபோய்க் கையெழுத்து வைப்பித்தார்கள். தாலி இல்லை, சோறு இல்லை. பெடியன் இவர் வீட்டு வாசலில் நின்று ஒரு பிளேன்ரீ குடித்துவிட்டுத் தன் வீட்டுக்குப் போய்விட்டான். பிறகு எல்லாரும் சிதறினார்கள். அவர்களிடமிருந்த பத்திரமும் ஓட்டத்தில் எரிந்து போனது. பத்திரம் போனால் பதிவும் போனதாகவே அவர்கள் எல்லாரும் நினைத்திருந்தார்கள். அதன் பிரதி முன்பே தலைமை அலுவலகத்துக்குப் போய்ச் சேர்ந்திருந்தது யாருக்கும் தெரியாது.

கிளிநொச்சியில் ஒரு சட்டத்தரணி அம்மாவைப் பார்த்தோம். பதிவே பொய் என்று சொன்னால், பொய்க் கையெழுத்து வைத்ததாக இருவரும் மாட்டலாம், விவாகரத்துத்தான் வழி என்றார். "ஆனா சும்மா பிரிய விடாது சட்டம். ஒராள் மற்றாளைக் கைவிட்டதெண்டு காட்டவேணும். அவர் உங்களை விட்டிட்டுப் போனவர் எண்டு போடுவம். விசாவுக்கும் அதுதான் நல்லது. உங்களில பிழையில்லை எண்டு தீர்ப்பே சொல்லும்."

எனக்கும் அதுவே சரியாகப் பட்டது. வெளியே வந்து, பேப்பரில் கிடக்கும் ஒரு சொல்தானே என்றேன்.

"பேப்பரிலதான் அண்ணை அந்தாள் என்னைக் காப்பாத்தினது. பேப்பரில அவரைக் கெடுக்கேலாது."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை முள்ளியவளைக்குப் போனோம். அந்தப் பெடியனுக்கு இப்போது காதோரம் நரை. கச்சான் கடலை பயிரிடுகிறார்; மனைவியும் இரண்டு பெண் பிள்ளைகளும் இருக்கிறார்கள். கோயிலில் தாலி கட்டியவர், பழைய பதிவு எங்கேயாவது தலைகாட்டும் என்ற பயத்தில் இந்தக் கலியாணத்தைப் பதியாமலே இருந்திருக்கிறார். மனைவி வாசலுக்கு வந்து, "வாங்கோ மூத்த தாரம், இருங்கோ" என்று கதிரையை இழுத்துப் போட்டார். எங்கள் குழுத்தலைவி சிரித்த சிரிப்பில் முற்றத்துக் கோழிகள் கலைந்தன.

விஷயத்தைக் கேட்ட கணவர், "என்ர பேரில போடுங்கோ. நானென்ன விசாவுக்கே போறன்?" என்றார். வறுத்த கச்சானைச் சுளகில் போட்டுத் தோல் நீக்கிக்கொண்டிருந்த மனைவியின் கை நின்றது. பிள்ளைகள் இருவரும் கதவு நிலையோடு ஒட்டி நின்று எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். குழுத்தலைவி அவர்களையும் பார்த்தார், சுளகையும் பார்த்தார்.

"வேண்டாம். நீங்கள் வழக்குப் போடுங்கோ. நான் விட்டிட்டுப் போனதெண்டு இருக்கட்டும்."

மனைவியின் கை மறுபடி அசையத் தொடங்கியது. "கொண்டுபோக ஒரு பை கட்டிவைக்கிறன்" என்றார்.

சட்டத்தரணி அம்மா இரண்டு தடவை எச்சரித்தார். அந்தத் தீர்ப்பை மொழிபெயர்த்துத் தூதரகத்துக்குக் கொடுக்க வேண்டும். கணவரைக் கைவிட்ட பெண் என்று அதில் இருந்தால், இந்தக் கலியாணத்தையும் சந்தேகிப்பார்கள் என்றார். "சந்தேகப்படட்டும்" என்றார் குழுத்தலைவி. வழக்கு முடிந்து, முடிவான தீர்ப்பும் கைக்கு வந்தது. மொழிபெயர்ப்பை நானே வரிவரியாக ஒப்பிட்டேன். கைவிட்டவர் என்ற இடத்தில் அவருடைய பெயரைக் கண்டதும் கோப்பைச் சற்று நேரம் மூடிவைத்தேன். எத்தனை ஒழுங்காக அடுக்கினாலும் அந்த ஒரு தாள் விசாவை மறித்துவிடலாம் என்று எனக்குத் தெரியும்.

தூதரக நேர்முகத்தில் அதைத்தான் கேட்டார்கள். திரும்பி வரும் பஸ்ஸிலிருந்து போன் எடுத்துச் சொன்னார். முதல் கணவரை ஏன் கைவிட்டீர்கள் என்றாராம் அதிகாரி.

"நீர் என்ன சொன்னனீர்?"

"ரெண்டுபேரும் உயிரோட இருக்கிறதுக்குக் கட்டின கலியாணம். ரெண்டுபேரும் உயிரோட இருக்கிறம். அதுதான் விட்டனான் எண்டன். மொழிபெயர்த்த பிள்ளை என்னைத் திரும்பிப் பாத்திட்டுத்தான் சொன்னவா."

அதிகாரி எதையோ குறித்துக்கொண்டாராம், வேறு கேள்வி கேட்கவில்லையாம். நாங்கள் மறுப்பை எதிர்பார்த்துக் காத்திருந்தோம். விசாதான் வந்தது.

கடைசி நாளில் எல்லாப் பொருளையும் துடைத்துக் கொண்டுவந்து தந்தார். தடியின் முனை சிதைந்திருந்ததால் பாவனைக்கு உதவாது என்று கழித்துவிட்டேன். அப்படிக் கழிப்பவை அடுப்புக்குத்தான் போகும். "இதை எரிச்சுப் போடாதேங்கோ" என்றார். சமையற்காரருக்குக் கொடுக்காமல் வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

முகாம் மூடி, நானும் இப்போது வேறு வேலைக்கு வந்துவிட்டேன். போன கிழமை குழுத்தலைவி வீடியோவில் வந்தார். பின்னால் வெள்ளைவெளேரென்று பனி. நிலம் இறுகிவிட்டதால் வேலை நிற்கிறதாம். கணவர் விறகு அடுக்கிக்கொண்டிருந்தார்.

"முள்ளியவளையில அவையள் பதிஞ்சிட்டினமோ அண்ணை?"

"ஓம். மனுசி எனக்குப் போன் பண்ணி, மூத்த தாரத்தின்ர பக்கத்தால ஒரு சாட்சி வேணும், நீங்கள் வாங்கோ எண்டவா. போய்க் கையெழுத்து வைச்சனான்."

அவர் சிரித்தார். நான் போனைச் சற்று நகர்த்தி, யன்னலைக் காட்டினேன். வெளிப்பக்கம் வெயில் பட்டுச் சிவப்பு வெளுத்த தடி, யன்னல் கதவைத் தாங்கிக்கொண்டு நின்றது.

"இன்னும் வைச்சிருக்கிறீங்களே" என்றார்.