முதலில் உடையும் இடம்

வெள்ளவத்தைக் கால்வாய்க்கு மேலாக ஒரு நடைபாலம். பொறியியல் இறுதி ஆண்டில் நான் வரைந்த வடிவமைப்பு அதுதான். அதை யாரும் கட்டப்போவதில்லை. ஆனால் பரீட்சகர்களுக்கு முன்னால் நின்று ஆங்கிலத்தில் விளக்கிச் சித்தியடைந்தால்தான் பட்டம். பட்டம் வந்தால்தான் வெளிநாட்டில் கிடைத்திருந்த மேற்படிப்பு இடம். "எங்கட வீட்டில நீ ஒருத்தனெண்டாலும் இந்தச் சண்டைக்குள்ளயிருந்து வெளிக்கிடு" என்று அக்கா சொல்லிக்கொண்டே இருப்பாள். வெள்ளவத்தையில் அவளுடைய ஃபிளாட்டில்தான் தங்கியிருந்தேன்.

எங்கள் விரிவுரையாளருக்கு ஒரு பிடிவாதம். பாலத்தின் பெருமையில் தொடங்காதே, அது எந்த இடத்தில் முதலில் உடையும் என்பதை நீயே சொல்லிவிடு, பிறகு அங்கே என்ன செய்திருக்கிறாய் என்று காட்டு, கேட்கிறவன் உன்னை நம்புவான் என்பார். நான் அதை அப்படியே விழுங்கிவிட்டேன். குளிக்கும்போதும் அதே வசனம், சாப்பிடும்போதும் அதே வசனம். அக்கா கீரை ஆய்ந்தபடி பரீட்சகராக நடிப்பாள்.

"உடைஞ்சா ஆர் தம்பி பொறுப்பு?"

"உடையாது அக்கா."

"இப்பதானே உடையும் எண்டனீ. ஒண்டில நில்லன்."

பரீட்சையன்று காலை வரைபடத்தைச் சுருட்டி ஒரு பிவிசிக் குழாய்க்குள் போட்டு, தோளில் மாட்டிக்கொண்டு பஸ் ஏறினேன். அந்த யுத்த நாட்களில் ஒரு தமிழ்ப் பெடியன் காலிக்குப் போகும் பிரதான வீதியில், ஆயுதம் மாதிரித் தோளில் குழாயோடு போவதென்றால் அவனுக்கு விசர் பிடித்திருக்க வேண்டும். எனக்குப் பிடித்துத்தான் இருந்தது. வரைபடம் கசங்கக்கூடாதே என்பதைத் தவிர வேறொன்றும் மண்டையில் ஓடவில்லை.

சோதனைச் சாவடியில் எல்லோரையும் இறக்கினார்கள். அடையாள அட்டையைப் பார்த்த சிப்பாய்க்கு என் வயதுதான் இருக்கும். குழாயைத் திறக்கச் சொன்னான். வரைபடத்தை மணல் மூட்டைகளின் மேல் விரித்தேன்.

"மே மொகத, மல்லி?" இது என்ன, தம்பி என்று சிங்களத்தில் மரியாதையாகத்தான் கேட்டான்.

"பாலமக், சேர்."

பாலம் அவர்களுக்கும் பாலம்தான். அந்தச் சொல் ஒத்துப்போனதில் எனக்கு ஒரு சின்னச் சந்தோசம். அவனும் குனிந்து, அக்கறையோடு பார்த்தான். அந்த அக்கறைதான் என்னைக் கெடுத்தது. நாள்கணக்காக ஒத்திகை பார்த்த வாய் தானாகத் திறந்தது. என்னிடம் இருந்ததோ பாணும் சீனியும் வாங்கப் போதுமான கடைச் சிங்களம். விரலை வரைபடத்தின் நடுவில் வைத்து, "முலின்ம கடன்னே மெதன" என்றேன்.

முதலில் உடைவது இந்த இடம் என்று சொல்ல நினைத்தேன். அதற்கு 'கெடென்னே' என்று சொல்லியிருக்க வேண்டும். அது தானாக உடைவது. 'கடன்னே' என்றால் ஒருவன் உடைப்பது. முதலில் உடைக்கப்போவது இந்த இடத்தை என்று, பாலத்தின் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு, சிப்பாயிடம் சிரித்த முகத்தோடு அறிவித்திருக்கிறேன்.

அவன் நிமிர்ந்தான். "கவுத கடன்னே?" யார் உடைப்பது?

அதற்குப் பிறகு அவன் என்னை மல்லி என்று கூப்பிடவில்லை.

பொலிஸ் நிலையத்தில் ஆங்கிலம் தெரிந்த ஒரு அதிகாரிக்கு அந்தப் பாலத்தை முழுக்க விளக்கினேன். சுமை எங்கே விழுகிறது, நடுவில் ஏன் வளைகிறது, அங்கே ஏன் கம்பி கூட்டியிருக்கிறேன், எல்லாம். படத்தைப் பார்த்து வாசிக்கவில்லை. அவருடைய முகத்தைப் பார்த்துத்தான் பேசினேன். விரிவுரையாளர் பார்த்திருந்தால் முழுப் புள்ளியும் போட்டிருப்பார். கேட்டு முடித்த அதிகாரி, எங்கே உடையும் என்பதை உனக்குப் படிப்பித்தது யார் என்றார். பல்கலைக்கழகம் என்றேன். அவர் நம்பவில்லை. அந்நேரம் பல்கலைக்கழகத்தில் பரீட்சகர்கள் என் பெயரைக் கூப்பிட்டுப் பார்த்துவிட்டு அடுத்தவனைக் கூப்பிட்டிருப்பார்கள். நான் பெஞ்சில் இருந்தேன்.

நான் அவளுடைய ஃபிளாட்டில் தங்கியிருப்பதைக் காட்டும் பொலிஸ் பதிவுத் துண்டோடு வந்து, வாசலில் நின்று கெஞ்சி, பின்னேரம் அக்கா என்னை மீட்டாள். வரைபடம் திரும்பி வரவில்லை.

பல்கலைக்கழகம் இரக்கப்பட்டு இன்னொரு நாள் தந்தது. மறுபடி வரைந்தேன். குழாய் இல்லாமல், மடித்துப் பைக்குள் வைத்துக் கொண்டுபோனேன். ஒரு பரீட்சகர் மடிப்புக்கோடுகளைத் தடவிவிட்டு, எல்லோரிடமும் கேட்கும் அதே கேள்வியை ஆங்கிலத்தில் கேட்டார். இது எந்த இடத்தில் முதலில் உடையும்?

விடை தெரியும். விரல் அந்த இடத்துக்குப் போகவில்லை. இந்தப் பாலம் எங்கேயும் உடையாது என்றேன். அவர்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். உடையவே உடையாத பாலம் என்று ஒரு மாணவன் சொன்னால் அதற்கு மேல் அவனிடம் கேட்க என்ன இருக்கிறது? சித்தியில்லை. அடுத்த வருடம் பார்க்கலாம் என்றார்கள். வெளிநாட்டு இடம் அடுத்த வருடம்வரை காத்திருக்காது.

வீட்டுக்கு வந்து சொன்னேன். அக்கா அழவில்லை, ஏசவுமில்லை. கதவைச் சாத்திவிட்டு என் முன்னால் வந்து இருந்தாள்.

"நடுவில, அடிப்பக்கம், தூண் இல்லாத இடம். கேட்டுக் கேட்டு எனக்கே பாடமடா. அதைச் சொல்லியிருக்கலாமே தம்பி."

"எனக்கும் பாடம்தான் அக்கா" என்றேன். "ஆர் உடைக்கிறது எண்டு கேட்டுப்போடுவாங்களோ எண்டு பயந்திட்டன்."