கடைசி நிறம் அழைக்கும் வரை

மானிப்பாயில் வந்து பராசக்தியின் வீடு எங்கே என்று கேட்டால், எந்தப் பராசக்தி என்று திருப்பிக் கேட்பார்கள். கப்பல் பராசக்தி என்றால் போதும், சைக்கிளில் போகிறவர்களும் ஒரு காலை நிலத்தில் ஊன்றி நின்று வழி சொல்லுவார்கள். ஆஸ்பத்திரி வாட்டில் முப்பது வருடம் சிற்றூழியராக நின்று ஓய்வுபெற்ற ஒரு மனுசி, ஆறு தடவை உல்லாசக் கப்பலில் போய் வந்துவிட்டாள் என்பது அந்தப் பக்கத்தில் சின்ன விசயம் இல்லை.

ஊரார் நினைப்பதுபோல அவள் உல்லாசத்துக்காகப் போகவில்லை. மூத்தவனை யுத்தம் தின்றது. இளையவன் மயூரதன் இருபத்திரண்டு வயதில் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு கனடாவுக்கு ஓடினான். அண்ணனைக் கொண்டுபோன மண்ணில் இனிக் கால் வைப்பதில்லை என்று அவன் பிடிவாதமாக இருந்தான். அவளுக்கோ கனடா விசா இரண்டு முறை மறுக்கப்பட்டது. தாயும் மகனும் சந்திக்கத் தரையில் இடமில்லாமல் போனபோது அவன்தான் கடலைக் கண்டுபிடித்தான். வருடத்துக்கு ஒரு தடவை சிங்கப்பூரில் ஏறுவார்கள். ஐந்தாறு நாள் ஒன்றாகச் சாப்பிட்டு, ஒன்றாகக் கதைத்து, திரும்பவும் சிங்கப்பூரில் பிரிவார்கள். மிச்ச முந்நூற்றுச் சொச்ச நாளும் அந்த ஐந்தாறு நாளை நினைத்தே அவளுக்குக் கழியும்.

முதல் பயணத்தில் அவளுக்கு ஒன்றுமே தெரியாது. கற்பூரமும் சின்ன விளக்கும் கொண்டுபோனாள். ஏறும் இடத்திலேயே வாங்கி வைத்துக்கொண்டார்கள். மருந்தெல்லாம் சூட்கேசுக்குள் கிடக்க, சூட்கேஸ் அறைக்கு வந்து சேரப் பொழுதுபட்டுவிட்டது. இரண்டாம் நாள் கடல் கொந்தளித்தபோது, ஆட்டம் அதிகமுள்ள முன்பக்க அறையில் குடலைப் பிரட்டிக்கொண்டு கிடந்தாள். பட்டுத் தெளிந்த பிறகுதான் ஒவ்வொன்றாகப் பிடிபட்டது. கப்பல் ஏறுகிற அன்றே பிளேனில் போய் இறங்கக் கூடாது, ஒரு நாள் முந்திப் போக வேண்டும். மருந்து, கண்ணாடி, மாற்றுடுப்பு எல்லாம் கைப்பையில். காந்தம் வைத்த கொளுக்கி நாலு கொண்டுபோனால் இரும்புச் சுவரில் ஈரச் சேலை காயப் போடலாம். முதல் நாள் சாப்பாட்டு மேசையிலேயே தலைமைப் பரிசாரகரிடம் சைவம் என்று சொல்லிவிட வேண்டும். மறுநாள் தொடக்கம் அவர் முகத்தைப் பார்த்தே பருப்பும் சோறும் வரும். வயிற்றைப் பிரட்டினால் வேர்க்கொம்புச் சுக்கும் பச்சை அப்பிளும், கண் தூரத்து அடிவானத்தில். பயணம் போக இருக்கிறவர்கள் அவளிடம் வந்து இதையெல்லாம் கொப்பியில் எழுதிக்கொண்டு போவார்கள்.

மயூரதனுக்கு நாற்பத்தொன்றாகிவிட்டது. சாதகத்தை எத்தனை இடத்துக்குத்தான் கொடுப்பாள்! போனில் கேட்டால், பிறகு பாப்பம் அம்மா என்று கதையை மாற்றிவிடுவான். கடைசியில் கரவெட்டியிலிருந்து ஒரு சாதகம் வந்தது. பெண் பிரசாந்தி, முப்பத்தாறு வயது, பள்ளிக்கூட ஆசிரியை. தகப்பன் இராசநாயகம் வெங்காயம் போடுகிற தோட்டக்காரர், தாய் இல்லை. சாத்திரியார் எட்டுப் பொருத்தம் என்று சொன்ன அன்று பராசக்தி மருதனார்மடத்து ஆஞ்சநேயருக்கு வடைமாலை சாத்தினாள்.

மாப்பிள்ளை ஊருக்கு வரமாட்டார் என்றால் எங்கே வைத்துப் பெண் பார்ப்பது? அவளுக்கு அந்த யோசனை வந்தது அப்போதுதான். அவர்களையும் அதே கப்பலில் ஏற்றிவிட்டால் என்ன? இலண்டனில் இருந்த பிரசாந்தியின் தமையன் ரிக்கற் போட்டான். மயூரதனுக்கு மட்டும் ஒருவரும் மூச்சுவிடவில்லை.

புறப்படுவதற்கு ஒரு மாதம் முந்தி, மருதனார்மடம் சந்தையில் வெங்காயம் இறக்க வந்த இராசநாயகத்தைத் தேநீர்க் கடையில் இருத்திப் பராசக்தி பாடம் நடத்தினாள். கரையில் இறங்காவிட்டாலும் கப்பல் போகிற ஒவ்வொரு நாட்டுக்கும் விசாவைப் பார்த்து வைக்க வேண்டும் என்றாள். கப்பல் மணி வேறு, கரை மணி வேறு. கையில் கட்டுகிற மணிக்கூட்டில் கப்பல் மணியை வையுங்கள், பிந்தினால் விட்டுவிட்டுப் போய்விடுவார்கள் என்றாள். அவர் எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு, வெத்திலை போட்டால் துப்ப இடம் இருக்குமோ என்று கேட்டார்.

“துப்பினால் உங்களைத்தான் அண்ணை கடலுக்கை துப்புவாங்கள்,” என்றாள் பராசக்தி.

“அப்ப பிள்ளையைக் குடுக்க முந்தி நான் பல்லை மினுக்க வேணும் எண்டுறாய், தங்கச்சி.”

எந்த அறை நல்லது என்று பிறகு கேட்டார். இளம் ஆட்கள் மேல்தளத்துப் பின்பக்கத்தில் எடுப்பார்கள், பல்கனியும் காற்றும் இருக்கும், தன் மகனும் முதல் பயணத்துக்குப் பிறகு எப்போதும் அதைத்தான் எடுப்பான் என்றாள். வயது போனவர்களுக்கும் வருத்தம், நோய் உள்ளவர்களுக்கும் நடுக்கப்பல், கீழ்த்தளம், லிப்டுக்குக் கிட்ட. அங்கே ஆட்டமும் குறைவு, நடையும் குறைவு, கப்பல் டொக்டரும் பக்கத்தில். இராசநாயகம் அதற்கும் தலையாட்டினார்.

சிங்கப்பூர்த் துறைமுகத்தில் மகனைக் கண்டதும் அவள் திடுக்கிட்டாள். கன்னம் இரண்டும் உள்ளே போயிருந்தது. தொப்பியைக் கழற்றாமலே அவளைக் கட்டிக்கொண்டான். கட்டிய கையில் எலும்புதான் தட்டுப்பட்டது. ஏன் மோனை இப்பிடி வத்திப் போனாய் என்று கேட்டதற்கு, சீனியும் கொலஸ்ட்ரோலும் கூடிவிட்டது, சாப்பாட்டைக் குறைத்திருக்கிறேன் என்றான். தனியாகச் சமைத்துத் தின்கிறவன் வேறு எப்படி இருப்பான் என்று அவள் மனதைத் தேற்றினாள். எல்லாம் ஒருத்தி வந்தால் சரியாகிவிடும்.

இருவருக்கும் எடுத்த அறை நடுக்கப்பலில், கீழ்த்தளத்தில், லிப்டுக்குப் பக்கத்தில் இருந்தது. பல்கனி இல்லை. என்ரை முழங்கால் நோவுக்காகத்தான் பிள்ளை பார்த்து எடுத்திருக்கிறான் என்று அவள் உள்ளம் உருகிப் போனாள்.

பின்னேரச் சாப்பாட்டில் கரவெட்டிக் குடும்பம் தற்செயலாக எதிர்ப்பட்டதுபோல வந்து அதே மேசையில் அமர்ந்தது. மயூரதன் தாயை ஒரு பார்வை பார்த்தான். அவனுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. ஆனாலும் முகம் கோணவில்லை. பிரசாந்தியிடம் பள்ளிக்கூடத்தைப் பற்றிக் கேட்டான். தன் வகுப்பில் உள்ள குழப்படிகாரர்களைப் பற்றி அவள் சொல்லச் சொல்ல வாய்விட்டுச் சிரித்தான். எத்தனை வருடத்துக்குப் பிறகு அவன் அப்படிச் சிரித்தான்! பராசக்தி சோற்றை அளைந்துகொண்டு அந்தச் சிரிப்பையே பார்த்திருந்தாள். அவன் தட்டில் இருந்தது அப்படியே கிடந்ததை மட்டும் அவள் பார்க்கவில்லை.

அடுத்த நாள் கப்பல் பினாங்கில் நின்றது. மயூரதன் இறங்கவில்லை, களைப்பாக இருக்கிறது என்றான். கரவெட்டிக்காரரை அனுப்பிவிட்டுப் பராசக்தியும் நின்றுவிட்டாள். எல்லாரும் கரைக்குப் போன கப்பலில் ஓர் ஆட்டுக்கல்லைப்போல அமைதி குந்தியிருக்கும். வரிசை இல்லை, தள்ளுமுள்ளு இல்லை. அது அவளுக்கு மிகவும் பிடித்த பொழுது.

மத்தியானம் மகன் குளித்துக்கொண்டிருக்க, அறைப் பணியாளன் கதவைத் தட்டினான். மருத்துவ நிலையத்திலிருந்து தந்ததாம் என்று சிரித்த முகத்தோடு ஒரு சிறிய பெட்டியைக் கொடுத்துவிட்டுப் போனான். மஞ்சள் நிறம். மூடியில் ஒரு சின்ன வாய்.

வேறு தாய் என்றால் அது என்னவென்று தெரிந்திராது. பராசக்தி வாட்டில் முப்பது வருடம் அந்தப் பெட்டிகளைத் தூக்கியவள். பாவித்த ஊசி போடுகிற பெட்டி அது. அவள் குளிர்ப்பெட்டியைத் திறந்தாள். தண்ணீர்ப் போத்தலுக்குப் பின்னால், துணியில் சுற்றிய மருந்து அட்டைகள். அவளுக்கு இங்கிலிசு அதிகம் வாசிக்கத் தெரியாது. ஆனால் சில பெயர்களைக் கட்டில் தலைமாட்டுகளில் பார்த்துப் பார்த்தே பழகியவள். எந்தக் கட்டில்கள் என்பதும் அவளுக்கு நினைவிருந்தது. நடுக்கப்பல், கீழ்த்தளம், டொக்டருக்குக் கிட்ட. அறை அவளுக்காக எடுத்ததில்லை.

துவாயோடு வெளியே வந்தவன் தாயின் மடியில் இருந்த பெட்டியைக் கண்டு அப்படியே நின்றான். தொப்பி இல்லாத தலையில் ஒரு மயிர் இல்லை.

“எந்த இடத்திலை, மோனை?”

அவன் கட்டிலில் வந்து இருந்தான். “கணையத்திலை. ஈரலுக்கும் போட்டுது.”

“எப்ப தொடக்கம்?”

“தையிலை கண்டுபிடிச்சவை. உங்களுக்குப் பிறசர் எண்டு சொல்லேல்லை. கேதீஸ்வரிச் சின்னம்மாவுக்குத் தெரியும். ஊரிலை கனபேருக்குத் தெரியும், அம்மா.”

ஊரில் கனபேருக்குத் தெரியும். சொந்தத் தங்கச்சி வாரத்துக்கு மூன்று நாள் வந்து, அவள் போட்ட தேநீரைக் குடித்து, பெண்ணின் படத்தைப் பார்த்து வடிவு என்று சொல்லிவிட்டுப் போனாளே! பெற்றவளுக்குத் தெரியக் கூடாது என்று ஊரே கட்டிக் காத்த இரகசியம். அவளும்தான் வாட்டில் எத்தனை தாய்மாரிடம் ஒன்றும் இல்லை, சின்ன வருத்தம் என்று சிரித்துக்கொண்டு பொய் சொல்லியிருக்கிறாள். அவர்கள் முகங்கள் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்து நின்றன.

“வீட்டை வா, ராசா. நான் பாக்கிறன்.”

“மருந்து அங்கைதான் அம்மா இருக்கு.” “இனி அடுத்த கப்பல் எண்டு யோசிக்க வேண்டாம்.”

அவள் அழவில்லை. எழுந்து அவன் தலையைத் தன் சேலைத் தலைப்பால் துடைத்துவிட்டாள். நாற்பத்தொரு வருடத்துக்கு முந்தி முதன்முதலாகத் துடைத்த தலை.

தேநீர் நேரத்தில் கரவெட்டிக்காரர் திரும்பி வந்தார்கள். இராசநாயகம் மேல்தளத்தில் அவளைத் தேடிப் பிடித்துப் பக்கத்துக் கதிரையில் அமர்ந்தார். மனிதருக்கு முகம் கொள்ளாத சந்தோசம். பிள்ளைக்குச் சம்மதமாம். தம்பி மரியாதையாகக் கதைக்கிறாராம். திரும்பும்போது சிங்கப்பூரில் ஒரு கோயிலில் வைத்து மோதிரம் மாற்றலாம், கலியாண எழுத்தையும் அங்கேயே வைத்தாலும் தனக்கு மறுப்பில்லை என்றார்.

பராசக்தியின் நெஞ்சு ஒரு கணம் துள்ளியது. அதுதான் கொடுமை. எல்லாம் தெரிந்த பிறகும் துள்ளியது. ஒரு சொல் சொன்னால் போதும். பட்டு வேட்டியோடு தன் பிள்ளையை ஒரு தரம் பார்த்துவிடலாம். ஒரு மாலை, ஒரு படம். அந்தப் படத்தை மானிப்பாய் வீட்டுச் சுவரில் மாட்டி வைத்துக்கொண்டு மிச்சக் காலத்தைத் தள்ளிவிடலாம். ஊர் தனக்கு ஒளித்ததுபோலத் தானும் ஒளித்தால் யார் கேட்கப் போகிறார்கள்?

தூரத்தில், கம்பியைப் பிடித்தபடி, பிரசாந்தி காற்றில் பறந்த தலைமயிரை ஒதுக்கிக்கொண்டு நின்றாள். பினாங்கில் வாங்கிய மஞ்சள் சால்வை தோளில்.

அவளைப் பார்க்கப் பராசக்திக்குத் தன்னையே கண்டது போல இருந்தது. புருசன் செத்துப்போன நாளிலிருந்து கலியாண வீடுகளில் கடைசி வரிசையில் குந்தியிருக்கிறவள் பராசக்தி. ஆரத்தித் தட்டு பக்கத்தால் போகும்போது தானாகவே பின்னுக்கு நகர்ந்து கொள்கிறவள். ஊர் ஒரு வார்த்தை சொல்லாது, ஆனால் நகர வைத்துவிடும். இந்தப் பிள்ளை விசா வர முந்தியே வெள்ளைச் சேலைக்காரி ஆகிவிடுவாள். வகுப்புப் பிள்ளைகளின் குழப்படியைச் சொல்லிச் சிரிக்கிற வாய் இது.

“அண்ணை, என்ரை பிள்ளைக்குக் கான்சர். கடைசிக் கட்டம்,” என்றாள் பராசக்தி. “எனக்கே இண்டைக்கு மத்தியானம்தான் தெரியும். உங்கடை பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போங்கோ.”

இராசநாயகம் கடலைப் பார்த்தார். பிறகு எழும்பி, போகாமல் நின்றார்.

“நீ சொல்லாமல் விட்டிருந்தால் நான் குடுத்திருப்பன், தங்கச்சி,” என்றார். பிறகு மகளிடம் போனார்.

அன்றிலிருந்து அவர்கள் வேறு மேசைக்கு மாறிவிட்டார்கள். பராசக்தி அதைக் குற்றமாக எடுக்கவில்லை. கடைசி நாள் பின்னேரம், தாயும் மகனும் சாய்கதிரைகளில் கிடந்தபோது பிரசாந்தி தனியாக வந்தாள். மயூரதனின் முன்னால் நின்றாள்.

“நான் வாறன் அண்ணை. உடம்பைப் பாருங்கோ.”

அண்ணை என்ற அந்த ஒரு சொல்லோடு எல்லாம் முடிந்தது. மயூரதன் சிரித்து, ஓம் தங்கச்சி என்றான். பராசக்தி முகத்தைக் கடல் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

கப்பலை விட்டு இறங்குவதற்கும் ஓர் ஒழுங்கு உண்டு. இறங்குவதற்கு முதல் நாளே ஒவ்வோர் அறைக்கும் ஒரு நிறத்தில் சீட்டுக் கொடுப்பார்கள். அதைச் சூட்கேசில் கட்டி வெளியே வைத்துவிட்டு, காலையில் மண்டபத்தில் காத்திருக்க வேண்டும். நிறம் நிறமாக அழைப்பார்கள். முந்திய நிறத்தைக் கேட்டு வாங்கினால் வரிசையில் நிற்காமல் போய்விடலாம் என்பது ஆறு பயணத்திலும் பராசக்தி கண்ட அனுபவம். இந்தமுறை அவள் முழங்காலை இழுத்துக்கொண்டு தனியே வரவேற்புக் கருமபீடத்துக்குப் போய், தங்களுக்குத் தந்த சிவப்புச் சீட்டைத் திருப்பிக் கொடுத்து, ஆகக் கடைசி நிறம் எதுவோ அதைத் தரும்படி கையாலும் வாயாலும் விளங்கப்படுத்தினாள். அங்கே இருந்த பெண் வியப்போடு ஊதா நிறத்தைத் தந்தாள்.

காலையில் மண்டபம் நிரம்பியிருந்தது. சிவப்பை அழைத்தார்கள். மஞ்சளை அழைத்தார்கள். கரவெட்டிக்காரர் மஞ்சளோடு எழும்பிப் போனார்கள். இராசநாயகம் வாசலில் திரும்பி ஒரு கையை மட்டும் உயர்த்தினார். பச்சை போனது, நீலம் போனது. ஒவ்வொரு நிறமும் போகப் போகக் கதிரைகள் வெறுமையாகின. மயூரதன் அவள் தோளில் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடியிருந்தான். அவன் மூச்சு அவள் கழுத்தில் பட்டுக்கொண்டிருந்தது. அவள் அசையவில்லை. முழங்கால் விறைத்தது, அசையவில்லை.

ஊதாவை அழைத்தார்கள்.

“அம்மா, எங்கடை நிறம்,” என்றான் அவன்.

“கேட்டது, மோனை. கொஞ்சம் பொறு.”

இரண்டாம் தரமும் அழைத்தார்கள். துப்புரவுக்காரர் மறுமுனையில் கதிரைகளை அடுக்கத் தொடங்கினார்கள். ஒரு பணிப்பெண் அவர்களை நோக்கி வந்தவள், பாதி தூரத்தில் நின்று, மணிக்கூட்டைப் பார்த்துவிட்டு, திரும்பிப் போய்விட்டாள்.