பத்தில் மூன்றாவது மலை

சித்திர மாஸ்டர் உடுப்பிட்டியில் காலமாகிவிட்டார் என்ற செய்தி, சுன்னாகம் சந்தையில் வெங்காயம் வாங்கிக்கொண்டு நின்றபோது எனக்கு வந்தது. நாலு நாள் காய்ச்சலாம். அழுகை வருவதற்கு முன் எனக்குப் பயம் வந்தது. ஏனென்று அவருடைய முப்பத்தோராம் நாள் நினைவாக வரும் இந்த அந்தியேட்டி மலரில் எழுதுகிறேன். அவரைத் தெரிந்த நீங்கள் இதையும் அறிய வேண்டும்.

எண்பத்து மூன்று கலவரத்தோடு மலைநாட்டுப் பள்ளிக்கூடத்தை விட்டு வந்தவர், உடுவிலில் எங்கள் முன்னறையில் இரண்டு வருடம் இருந்தார். சேர்ட்டில் சுற்றி ஒரு மரப்பலகை கொண்டுவந்தார். தான் படிப்பித்த மலையுச்சிக் கிராமத்தை அதில் உளியால் வெட்டியிருந்தார். மை பூசி, கடதாசியை வைத்து, என் கரண்டியின் முதுகால் தேய்த்துத் தேய்த்துப் பத்துப் படம் எடுத்தார். எனக்குத் தந்ததன் அடியில் பென்சிலால் 3/10 என்று எழுதிக் கையெழுத்து வைத்தார். எண் எதற்கென்று கேட்டேன்.

"பத்துக்கு மேலை எடுக்கமாட்டன் எண்டு குடுத்த வாக்கு அக்கா அது."

ஐந்தாம் வகுப்போடு நின்றவளின் வீட்டில் அப்படி ஒரு படம். முன்னறைச் சுவரில் மாட்டி, வந்தவர்களுக்கெல்லாம் காட்டினேன்.

அவர் உடுப்பிட்டியில் தங்கை வீட்டுக்குப் போன பிறகு, ஒரு காலை ஆமிக்காரர் எங்கள் வீட்டைச் சோதிக்க வந்தார்கள். தமிழ் தெரிந்த ஒருவன் துவக்கு முனையை அந்த எண்ணில் வைத்தான்.

"பாட்டி, இது எந்த இடத்து மேப்? மீதி ஒம்பது யார்கிட்ட இருக்கு?"

எங்கள் பக்கம் மலையே இல்லை என்றேன். வரைந்தவன் எங்கே என்றான். உடுப்பிட்டி என்று சொன்னால் மத்தியானத்துக்குள் ஜீப் அங்கே நிற்கும்.

"அவர் செத்துப்போனார், மோனே."

அவன் என் முகத்தையே பார்த்தான். அடுப்பில் சோறு அடிப்பிடித்து மணந்தது. நான் அசையவில்லை. போய்விட்டார்கள். உடனே பேத்தியின் அழிறப்பரை எடுத்து எண்ணையும் கையெழுத்தையும் அழித்தேன்.

மாஸ்டர் அடுத்த முறை வந்தபோது எல்லாவற்றையும் சொன்னேன். உயிரோடு இருக்கிறவரைச் செத்தவர் என்று சொல்லிவிட்டேனே என்று மன்னிப்புக் கேட்டேன். அவர் சிரித்தார்.

"பயப்பிடாதேங்கோ அக்கா. செத்தவனைப் பிடிக்க வரமாட்டினம்."

பிறகு படத்தின் அடியைப் பார்த்தார். சிரிப்பு நின்றது.

"என்னைச் சாகடிச்சது பரவாயில்லை. இதை ஏன் அழிச்சனீங்கள்?"

பென்சில் வாங்கி, அதே எண்ணை அதே இடத்தில் எழுதிக் கையெழுத்தும் வைத்தார்.

என் வாய்ச்சொல்தான் பலித்துவிட்டதோ என்று இன்னும் பயமாக இருக்கிறது. ஹெலிகொப்டர் சத்தம் கேட்டால் படத்தைக் கழற்றக் கை தானாகச் சுவர்ப்பக்கம் போகிறது. ஆனாலும் கழற்றவில்லை. மாஸ்டரின் வாக்கும் கையெழுத்தும் என்னிடம் இருக்கின்றன. இன்னொரு முறை அழித்தால் திரும்ப எழுத அவர் வரமாட்டார்.